நாற்பது கிராம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டுதான் இருக்கிறோம். என் கழுத்து மட்டும் சரியில்லை. அத்தானுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் முழங்கால்?

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன தடவை போனில் நீ என் விமானத்தைப் பொம்மை என்றாய், நான் உன்னைச் சிடுமூஞ்சி என்றேன், நீ பட்டென்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அரை மணி கழித்து எடுத்து மீதியைப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அந்தப் பொம்மையை வைத்து உலகச் சாதனைக்குப் போகிறேன். விளையாட்டில்லை. எங்கள் விமானக் கிளப் பெயரில் முறைப்படி விண்ணப்பித்துப் பதிவு எண்ணும் வந்துவிட்டது. ரிமோட்டில் ஓட்டுகிற எஞ்சின் விமானம் தரையைத் தொடாமல், நடுவில் பெட்ரோல் ஊற்றாமல், ஒரே ஆள் கையில் எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதுதான் கணக்கு. இப்போதுள்ள சாதனை ஒன்பது மணி முப்பத்தெட்டு நிமிடம். இருபத்தைந்து வருடமாக லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்து வேலை செய்கிற மெக்கானிக் நான். இந்தக் காரியத்துக்கு என்னுடையதைவிடப் பழகிய கழுத்து எவனுக்கு இருக்கிறது?

விதிகளில் கடுமையானது ஒன்றுதான். பெட்ரோலோடு சேர்த்து விமானத்தின் எடை ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. அதனால் இறக்கையில் ஒரு சொட்டுப் பசை கூடினால் டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் குறைகிறது, வானத்தில் அத்தனை விநாடி போகிறது. பறக்கிற அன்றைக்குக் காலையில் அதை எடை போட்டுச் சான்று எழுத எடை அளவுத் துறையின் ஆய்வாளர் ஒருவர் வேண்டும். நேரம் பார்ப்பவர்கள் உறவாக இருக்கக் கூடாது என்கிறார்கள். எடை பார்ப்பவருக்கு அந்தத் தடை இல்லை. எழுதிக் கேட்டேன், பதவியில் இருக்கிற அதிகாரியாக இருந்தால் போதும் என்று பதில் வந்தது.

வருகிறாயா?

இவளும் சின்னவளும் உன்னை விசாரித்தார்கள்.

உன் தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தானுக்குச் சர்க்கரை இறங்கவும் இல்லை, அவருடைய நாக்கு அடங்கவும் இல்லை. முழங்காலைப் பற்றிக் கேட்காதே. கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீ, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் இருந்த இருப்பைக் கேள். காலையில் ஒரு மளிகைக் கடை. தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம். கையும் களவுமாகப் பிடித்தால் கடைக்காரன் இளிக்கிறான். "மேடம், தெருவுல எல்லாரும் வெச்சிருக்காங்க. நான் மட்டும் வெக்காம இருந்தா என்னை லூசுன்னு சொல்ல மாட்டாங்களா?" என்கிறான். மத்தியானம் பழைய இரும்புக் கடை. படிக்கல்லின் வயிற்றைக் குடைந்து மெழுகை அடைத்து மேலே கறுப்பு பெயிண்ட் பூசி வைத்திருக்கிறான். நாலு மணிக்கு மீன் சந்தை. செதில், குடல், கால் வைத்த இடமெல்லாம் கொழகொழவென்று ரத்தத் தண்ணீர். அதை எழுதினால் இந்தத் தாளே நாறும். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன். அப்படியும் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை.

முப்பது வருடமாக மனிதர்களின் கைகளைப் பார்க்கிறதுதான் என் வேலை. சுத்தமான கை ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். சில நாள் எவனைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது.

இதில் நீ வேறு. உங்கள் கிளப் தலைவரை, அதுதான் எப்போதும் மைக்கும் கையுமாக நிற்கிற அந்த மைக்செட்டை, உன் வீட்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் வைத்திருந்த தட்டில் மூக்கைத் துடைத்த கையை விட்டவர். அவர் மேடை போடுகிற இடத்தில் என் கையெழுத்தா? வேறு ஆளைப் பார்.

உன் மனைவிக்கும் மகளுக்கும் என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். ஒத்தடம் கொடுத்தேன். தோல்தான் சிவந்தது, கழுத்து அப்படியே இருக்கிறது.

வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாய். எனக்கு முன்னால் மைக்செட்டே பார்த்துவிட்டார். ஏதோ ஊரில் அவருக்குத் தெரிந்த ஆய்வாளர் ஒருவர் இருக்கிறாராம், நேரில் வராமலே கையெழுத்துப் போடுவாராம். அது போதாதென்று என் தோளில் கை போட்டுக்கொண்டு இன்னொரு யோசனை. "ஒம்பது மணி நேரம் எவன் உங்களையே பாத்துட்டு நிக்கப் போறான்? நடுவுல ரெண்டு மணி நேரம் ரிமோட்ட நான் புடிச்சுக்கறேன். நீங்க கூடாரத்துல போய்ப் படுங்க. டைம் பாக்கறவங்களுக்கு நல்லா சாப்பாடு போட்டா அவங்களும் படுத்துருவாங்க." இதைச் சொல்லும்போது பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். குத்தி எடுத்ததை என் வொர்க்‌ஷாப் தரையில் துப்பினார்.

பேனர் அடித்தாகிவிட்டது. அதில் அவர் முகம் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு இருக்கிறது. விமானம் அவர் காதோரம் கொசு மாதிரி பறக்கிறது. நான் எங்கே என்று தேடினேன், பெயர்கூட இல்லை.

இந்த ஆட்களோடு இருந்தால் எனக்கும் ஒட்டிக்கொள்ளும் அக்கா. அதுதான் பயம். நானே ஏமாற்ற நினைத்தாலும் விடாத ஒரு ஆள் எடை மேசையில் உட்கார வேண்டும். அப்படி ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். கேரம் ஆடும்போது என் விரல் கோட்டைத் தொட்டதற்காகப் போர்டையே கவிழ்த்தவள்.

உன் தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிற மாதிரியே இருக்கிறோம்.

வருகிறேன். உனக்காக இல்லை. அந்த ஆளின் பல்குச்சியை நினைத்து இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை, அதற்காக வருகிறேன். வந்தால் என் நிபந்தனைகள் இவை. பார்சல் ஆபீஸில் இருந்து முத்திரை உள்ள தராசு ஒன்றும் ஐந்து கிலோ படிக்கல் ஒன்றும் கொண்டுவந்து வை, தராசை நான் சோதித்த பிறகுதான் எடை. திறந்த மைதானம் என்கிறாய், காற்று பட்டாலே எண் ஆடும். மேசையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டு. தார்ப்பாய்க்குள் விமானமும் நானும் மட்டும். நீகூட உள்ளே வரக் கூடாது. உன் கை பட்டது, மூச்சு பட்டது என்று எவனும் பிறகு பேசக் கூடாது. மைக்செட் என் பக்கம் இருபது அடிக்குள் வரக் கூடாது.

தம்பி என்று ஒரு கிராம் கூட விட மாட்டேன். ஐந்து கிலோவைத் தாண்டினால் தாண்டியது என்றுதான் எழுதுவேன். அங்கேயே எல்லார் முன்னாலும் எழுதுவேன். யோசித்துக்கொள்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் எப்படி இருக்கிறார்? உன் முழங்காலைக் கேட்கவில்லை, நீ கேட்காதே என்றாய்.

தேதி குறித்தாகிவிட்டது. மே 4, காலை ஆறு மணி. அந்த வாரத்தில்தான் காற்று அடங்கியிருக்கும். தப்பினால் அடுத்த வருடம்தான்.

விமானம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அது முடிகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம். வீடு முழுக்க பெட்ரோல் நெடி. இவள் நேற்று தண்ணீர் குடித்துவிட்டு, "தண்ணியே எஞ்சின் ஆயில் மாதிரி இருக்கு. இதுக்கு மேல நான் என் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். போகவில்லை. சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டேன், கையால் வீசி விடுவது, வயிற்றால் இறக்குவது. பெயிண்ட் கிடையாது. பால்சா என்கிற லேசான மரம், அதையும் ஊதினால் பறக்கிற அளவுக்குத் தேய்த்துவிட்டேன். வெறும் விமானம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மீதியெல்லாம் பெட்ரோல். மணிக்கு இருநூறு கிராம் குடிக்கிறது.

இன்னொரு சங்கடம் உன்னிடம் சொன்னால் முகம் சுளிப்பாய். ஒன்பது மணி நேரம் நகரக் கூடாது, ரிமோட்டை யாரிடமும் தரக் கூடாது. அப்புறம் மற்றதற்கு? மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி, கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று பார்த்தேன். ஆறாவது மணி நேரத்தில் என்னை எனக்கே பிடிக்கவில்லை. சின்னவள் துணி காயப்போட வந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். லிஃப்ட் குழிக்குள் செத்த பூனையோடு வேலை பார்த்தவன் நான், இது ஒரு பெரிய விஷயமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன கடிதத்துக்கு அப்புறம் நீ எழுதவே இல்லை. எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

நலமே. தாமதத்துக்குத் தனியாகக் காரணம் எதுவும் இல்லை. சமையலறைப் பரணைக் கழுவினேன். பிறகு குளியலறைச் சுவர்களை. டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற கறுப்புக் கோடுகளைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்தேன். ஒரு வீட்டுக்குள் இத்தனை அழுக்கு இருந்திருக்கிறது, இத்தனை வருடம் கண்ணில் படவில்லை.

சொன்னபடி வருகிறேன். முதல் நாள் மாலை பஸ். முத்திரையை அலுவலகத்துக்கு வெளியே எடுத்து வரக் கூடாது, அதனால் கையெழுத்தும் பதவியும் மட்டும் எழுதித் தருகிறேன். அது போதும் அல்லவா?

இனிமேல் அலுவலக விலாசத்துக்கு எழுதாதே. அங்கே அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள். வீட்டுக்கே எழுது.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது மணி நாற்பத்தேழு நிமிடம்!

எடை போட்ட கையோடு பஸ் ஏறிவிட்டாய். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை என்று இவளுக்குக் குறை. அத்தானுக்கு முடியவில்லையா? முகமே சரியில்லை உனக்கு.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். நண்பகல் வரைக்கும் ஒன்றுமில்லை, கழுத்துதான் கழன்றுவிடும் போல இருந்தது. ஒன்பது மணி முப்பத்தைந்தில் எஞ்சின் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். இருமிவிட்டு ஓடியது. முப்பத்தெட்டு தாண்டியதும் நேரம் பார்த்தவர்களில் ஒருவர் அழுதுவிட்டார், சாதனைக்காக இல்லை, வெயில். நாற்பத்து நாலில் எஞ்சின் நின்றது. மிச்சம் மூன்று நிமிடம் வெறும் காற்றில் சுற்றிக்கொண்டே இறங்கியது. இறங்கினது எங்கே தெரியுமா? எல்லைக் கோட்டுக்குள்தான், ஆனால் மைதானத்து ஓரச் சாக்கடையில். முழங்கால் ஆழத்தில் இறங்கி எடுத்தேன். ஏற்கெனவே ஒன்பது மணி நேரமாக என் இடுப்பில் இருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டாம், சாக்கடையே என்னைப் பார்த்து ஒதுங்கியிருக்கும். அந்தக் கோலத்தில் மைக்செட் என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார். பக்கத்தில் வந்ததும் நின்று, மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "என் சாதனை" என்று ஆரம்பித்தார்.

பால்சா மரம் பஞ்சு மாதிரி சாக்கடையைக் குடித்துவிட்டது. இரண்டு நாளில் உப்பி, பிளந்து, வாசல் வரைக்கும் நாற்றம். "வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று இவள் சொல்லிவிட்டாள். குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். போகட்டும், தாளில் இருக்கிறதே.

எல்லாம் அந்த நாற்பது கிராமால்தான் அக்கா. தார்ப்பாய்க்குள் இருந்து நீ, "இன்னும் நாற்பது கிராம் ஊத்தலாம்" என்று குரல் கொடுத்தாயே. விமானத்தை வெளியே வாங்கி, ஊற்றி, திரும்ப உள்ளே தந்தேன். "சரியா இருக்கு" என்றாய். நாற்பது கிராம் என்றால் பன்னிரண்டு நிமிடம். நான் சாதனையைத் தாண்டினது ஒன்பது நிமிடம். அது இல்லாவிட்டால் மூன்று நிமிடத்தில் கோட்டை விட்டிருப்பேன்.

பதில் போடு.

உன் தம்பி


ஜூலை 3

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் பண்ணினால் அத்தான் எடுத்து, "அவ குளிக்கறா" என்கிறார். எத்தனை தடவை குளிப்பாய்?

சாதனைக் குழுவிலிருந்து வந்த கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எடைச் சான்றில் முத்திரை இல்லாததால் உன் துறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நீ மார்ச் 14 முதல் சஸ்பெண்ட் ஆகியிருப்பதாகத் துறை பதில் எழுதியிருக்கிறது. பதவியில் இல்லாதவர் பதவியின் பெயரில் தந்த சான்று செல்லாது, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நான்கு வரிதான் எழுதியிருக்கிறார்கள்.

கிளப்பில் கூட்டம் போட்டார்கள். மைக்செட் மைக் பிடித்து, "அக்காவும் தம்பியும் சேந்து நம்ம எல்லார் மூஞ்சிலயும் கரியப் பூசிட்டாங்க. நேர்மைதான் இந்தக் கிளப்போட உயிர்மூச்சு" என்றார். நேர்மை! அந்த வாயில்! எழுந்து போய் அவர் சட்டையில் வாந்தி எடுத்திருப்பேன், வயிற்றில் ஒன்றுமில்லை. கையைத் தூக்கச் சொன்னார், எல்லாரும் தூக்கினார்கள், என்னை நீக்கியாயிற்று. வேலை செய்கிற கட்டிடங்களில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

துறை தப்பாக எழுதிவிட்டது, வேறு யாரோ என்று நினைத்து எழுதிவிட்டது என்று ஒரு வரி எழுது. அதைக் கொண்டுபோய்ச் சண்டை போடுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அத்தான் வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், என்னை நம்பவில்லை.

துறை சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

மீன் சந்தையில் முப்பத்தொரு தராசு. ஒவ்வொன்றையும் அது இருக்கிற இடத்துக்கே போய், படிக்கல் வைத்துச் சோதித்து, பிறகு முத்திரை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மூன்று வருடமாக நான் அந்தச் சந்தை வாசலைத் தாண்டியதில்லை. ஜீப்பில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பேன். தராசுகளின் எண்களை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர்களைக் கொடுத்தனுப்பிவிடுவேன். எல்லாம் சரி என்று பதிவேட்டில் எழுதிவிடுவேன். ஜனவரியில் உனக்குச் செதில், குடல் என்று வர்ணித்தேனே, அதுவும் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்ததுதான். காலில் ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை.

யாரோ புகார் எழுதிப் போட, மேலிடத்திலிருந்து வந்து சோதித்தார்கள். பத்தொன்பது தராசு குறைத்துக் காட்டியது. எல்லாவற்றிலும் என் முத்திரை. விசாரணையில் ஒரு மீன்காரம்மா சொன்னாள்: "அந்தம்மா நல்லவங்கதான் சார். லஞ்சம் கிஞ்சம் கேக்க மாட்டாங்க. எங்களப் பாத்தாதான் அவங்களுக்கு ஆகாது." அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்றுதான் இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். காந்தம் வைத்தவனைப் பார்த்துக் குமட்டியது, மெழுகு அடைத்தவனைப் பார்த்துக் குமட்டியது. குமட்டுகிறதே, அதனால் நான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால்தான் குமட்டுகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிறேன். அத்தான் பொய் சொல்லவில்லை.

ஏன் வந்து கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பாய். மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாம், வேறு அதிகாரியைப் பிடித்திருப்பாய். 'நானே ஏமாற்ற நினைத்தாலும் விடாத ஒரு ஆள்' என்று எழுதியிருந்தாய். உலகத்தில் ஒருத்தனாவது அப்படி நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னைப் பலி கொடுத்துத்தான் அதைக் காப்பாற்றினேன்.

மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

அத்தானுக்குச் சர்க்கரை எப்படி என்று இவள் கேட்கச் சொன்னாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாற்பது கிராமுக்கு நிஜமாகவே இடம் இருந்ததா? இல்லை, நீயாகக் கொடுத்தாயா?

விமானம் குப்பையில் போய்விட்டது. எடை போட்டபோது தார்ப்பாய்க்குள் இருந்தது நீ மட்டும். நான் செய்தது சாதனையா இல்லையா என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். குழுவுக்காகக் கேட்கவில்லை, அது முடிந்த கதை. எனக்குத் தெரிய வேண்டும்.

தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு,

அத்தானுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. என் சமையலை அவர் சாப்பிடுவதில்லை, சோப்பு வாடை அடிக்கிறதாம். அதனால் இருக்கலாம்.

இடம் இருந்தது.

முதலில் பார்சல் ஆபீஸ் படிக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்துப் பார்த்தேன், பிறகு நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். ஐந்து தடவையும் சரியாக ஐயாயிரம் காட்டியது. உன் விமானத்தை வைத்தேன். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. எடுத்து மறுபடி வைத்தேன். அதே எண். நாற்பது ஊற்றினால் எட்டு கிராம் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் குரல் கொடுத்தேன். ஊற்றிய பிறகு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. முப்பது வருடத்தில் அவ்வளவு ஒழுங்காக நான் ஒரு எடை பார்த்ததில்லை. பார்க்க உரிமையே இல்லாத நாளில் பார்த்தேன்.

இதுதான் நடந்தது. நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. முப்பத்தொரு தராசுக்கும் இதே கையால்தான் 'சரி' என்று எழுதினேன். இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால், ஆதாரம் இல்லை என்று எழுதி மூடியிருப்பேன்.

கழுத்தைப் பார்த்துக்கொள்.

அக்கா


நவம்பர் 20

அக்காவுக்கு,

இரண்டரை மாதம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். எல்லாரும் இருக்கிறோம். கழுத்துக்குப் பட்டை போட்டிருக்கிறார்கள், கழுத்து நெருக்கிய சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி திரிகிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. காலையில் படித்தால் நம்புகிறேன். வேலை முடிந்து வந்து படித்தால் நம்பவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தது. போன வாரம் லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போதுதான், நான் யாரை நம்பவில்லை என்று எனக்கே பிடிபட்டது.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. முதல் நாள் வீட்டில் நானும் எடை போட்டேன். என் தராசு மட்டமானது, பத்து இருபது கூடக் குறையக் காட்டும், அதுவும் தெரியும். அந்தக் கணக்குப்படி பத்து கிராமுக்குத்தான் இடம் இருந்தது. மிஞ்சிப் போனால் முப்பது. நீ உள்ளேயிருந்து நாற்பது என்றாய். "சரியா பாத்தியாக்கா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நீ மனசு மாறுவதற்குள் என்று அவசர அவசரமாக ஊற்றினேன். நான் ஏமாற்றினால் விடாத ஆள் வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டவன், நீ விடுகிறாய் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன். நாலு மாதமாக உன்னைப் பார்த்து, மைக்செட்டைப் பார்த்து, கை தூக்கிய ஒவ்வொருவனையும் பார்த்து அருவருத்துக்கொண்டிருந்தேன். என் பங்கை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

உன் தராசு சரியா, என் தராசு சரியா என்று இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதோடு நான் இருக்க வேண்டியதுதான். நீயும்.

சாப்பாட்டு மேசையில் புது விமானம் படுத்திருக்கிறது. மறுபடி மடியில் தட்டு. இவள் திட்டுகிறாள், ஆனால் இறக்கைக்குத் தாள் ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை அவள்தான் பிடிக்கிறாள். கிளப் இல்லாமல் தனி ஆளாகப் பதிந்திருக்கிறேன். மே 6. எடைக்கு உங்கள் துறையிலிருந்தே வேறு ஒரு ஆய்வாளர் வருகிறார். எனக்கு அவரைத் தெரியாது, உன்னை அவருக்குத் தெரியும். நான் உன் தம்பி என்று அவரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாதே.

நீ வா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. மேசைப் பக்கம் வராதே, கயிற்றுக்கு வெளியே பார்க்கிறவர்களோடு நில். நானும் மேசையிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்பேன். தார்ப்பாய் மூன்று பக்கம்தான், நாலாவது பக்கம் திறந்திருக்கும். எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும்.

தம்பி